பப்பாசிக்காயில் ஊறிய சேவல்

டிக்கோயா பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த அம்மா, பக்கத்திலிருந்த டீச்சரிடம் சொன்னார்: "எங்க சேவல் கரைஞ்சே போச்சுங்க டீச்சர்!"

"கரைஞ்சிருச்சா?"

"மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க. கிழட்டுச் சேவல், வேகாதேன்னு பச்சைப் பப்பாசிக்காய அரைச்சு முந்தின நாளே தடவி வச்சேன். சமைச்சா எலும்பு தனி, கூழு தனி."

"அந்தக் காயோட பால்ல ஒரு நொதியம் இருக்குங்க. இறைச்சியில உள்ள புரதத்தத் துண்டு துண்டா வெட்டிரும். அரை மணி நேரமே போதும்."

"இத இப்பதான் சொல்றீங்க! அன்னைக்கு வேற கறி இல்ல. பயந்துகிட்டே அதையே பரிமாறினேன்."

"ஐயோ, அப்புறம்?"

"மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பல்லே இல்ல. மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. எனக்காக இப்படி யாருமே சமைச்சதில்லன்னு கண்ணு கலங்கிட்டாரு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "மகள் என்ன சொன்னா?"

"அவளா? அந்தக் கறிய தானே சமைச்சதா சொல்லிட்டா!"