பொன்னாடை விழுங்கிய கடைசிக் காட்சி

தலைமை ஏற்றிருக்கும் டத்தோ விஸ்வநாதன் அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் மன்றப் பொறுப்பாளர்களே, கணவர் சிதம்பரநாதனைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் சீதை அக்கா அவர்களே, பிள்ளைகள் அருண், யமுனா, பினாங்கின் நாடக அன்பர்களே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஷேக் அலாவுதீன். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் துணி விரித்து, போகிறவர் வருகிறவரைக் கூவி அழைத்து முன்னுக்கு வந்தவன். மேடைப் பேச்சு எனக்கு வராது, விலை பேசத்தான் வரும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். கோபமாகவும் பேசப்போகிறேன்.

இந்த ஊரில் எந்த விழா நடந்தாலும் பொன்னாடை பெரும்பாலும் என் கடையிலிருந்துதான் போகிறது. அதை விற்கிற நானே சொல்கிறேன். நம் நாடகச் செம்மல் சிதம்பரநாதன் அவர்கள் எழுதி நடித்த ‘பெயர்ப்பலகை’ நாடகத்தைக் கொன்றது பொன்னாடைதான்!

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைத் தொழிலாளி, பெயர் வைரவன். சிதம்பரநாதன் அண்ணன் போட்ட வேடம் அது. சொந்தப் பட்டறை வைக்க வேண்டும் என்று அவருக்கு வெறி. பட்டறைக்கு இடம் பார்ப்பதற்கு முன்னாலேயே பலகை எழுதி வாங்கிவிடுகிறார்: ‘வைரவன் அண்ட் சன்’. அந்தப் பலகை வீட்டுக் கூடத்தில் சாய்ந்தே நிற்கிறது. அதற்காக மனைவியின் நகை போகிறது, மகளின் படிப்பு போகிறது, கடைசியில் வீடும் போகிறது. மகன், “எனக்கு இது வேணாம்ப்பா” என்று வெளியேறுகிறான். அப்பா வாசலில் நின்று அவனைச் சபிக்கிறார்.

அதுவரை எல்லோரும் பார்த்தோம், அழுதோம். அதற்குப் பிறகு ஒரு காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

ஒரு கைகூட எழவில்லை. எப்படி எழும்? அது மேடை ஏறவே இல்லையே!

முதல் தடவை, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். சாபம் முடிந்த கையோடு அறிவிப்பாளர் மேடைக்குள் நுழைந்து, “நாடகம் சற்று நேரம் நிற்கும்” என்றார். மாலை, பொன்னாடை, உரை, நன்றியுரை. மண்டபக்காரர் சாவியோடு வந்து நின்றுவிட்டார். இரண்டாம் தடவை அதிர்ஷ்டக் குலுக்கல். சோறு ஆக்கும் குக்கர் யாருக்கு விழுந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் இந்த ஊர் சொல்லும். நாடகம் எப்படி முடிகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது! வெட்கமாக இல்லையா?

மூன்றாம் தடவைதான் கொடுமை. கிழிந்த சட்டையோடு, கடைசிக் காட்சிக்குத் தயாராக நின்ற அந்த மனிதரை நடு மேடைக்கு இழுத்து வந்து, ‘நாடகச் செம்மல்’ பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டம் வந்தது, நேரம் போனது! பின்பக்கம் வந்தவர் அந்தப் பொன்னாடையை என்னிடம் நீட்டினார்.

“ஒங்க கடை சரக்குதானே பாய்? திரும்ப எடுத்துக்குங்க. பொணத்துக்குப் போத்துற மாதிரி போத்திட்டாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாயான் பாரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, குளிக்காமல்கூட ஒத்திகைக்கு ஓடி வந்தவர் அவர். காய்ச்சலோடும் வந்தவர். பதவி கேட்டாரா? படம் போட்ட பேனர் கேட்டாரா? ஒரு காட்சி கேட்டார்! ஒரே ஒரு காட்சி!

மன்றக் கூட்டத்தில் டத்தோவே சொன்னார், மறுக்கமாட்டார்: “ஏன் சிதம்பரம், சனங்கள அழவிட்டு அனுப்பணுமா? மகன் திரும்பி வந்துட்டான்னு முடிச்சிரலாம்லா?”

“வரட்டும் டத்தோ, எழுதிர்றேன். வராத புள்ளைய நான் எப்புடி எழுதுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

தம்பி அருண், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாடகக் குழுவை நீங்கள்தான் எடுத்து நடத்த வேண்டும் என்று அப்பா அடம்பிடித்ததும், நீங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் ஊருக்கே தெரியும். குலுக்கல் நடந்த அன்றைக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். சாபத்தைக் கேட்டதும் எழுந்து போய்விட்டீர்கள். “ஊரக் கூட்டி வச்சு என்னைத் திட்டிட்டாரு” என்று தங்கையிடம் சொன்னீர்கள். அதோடு பேச்சு நின்றது. அடுத்து நீங்கள் வந்தது இறுதிச் சடங்குக்குத்தான்.

நான் அவரிடம் சண்டையே போட்டேன். “போன் பண்ணிச் சொல்லிருங்க அண்ணே, கடைசி சீன்ல என்னா இருக்குன்னு!”

“போன்ல சொன்னா அது ரெண்டு பேருக்குள்ள போயிரும் பாய். திட்டுனது ஊருக்கு முன்னாலதானே? மன்னிப்பும் ஊருக்கு முன்னாலதான் கேக்கணும்.”

கேட்டீர்களா? ஓர் அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்க மேடையில் நின்றார். மூன்று முறை நின்றார். மூன்று முறையும் நாம் குறுக்கே போய் மாலை போட்டோம்! வைரவன் பலகையை முதலில் எழுதினார், பட்டறை வரவில்லை. நாமும் மரியாதையை முதலில் வைத்துக்கொண்டோம், நாடகம் வரவில்லை.

இப்போது ‘சிதம்பரநாதன் விருது’ தொடங்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். விருது என்றால் மேடை, மேடை என்றால் மறுபடியும் பொன்னாடை! வேண்டாம் ஐயா! அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம். இனி இந்த நாடகத்தை ஆண்டுதோறும் முழுசாகப் போடுவோம். செலவுக்கு நான் பொறுப்பு. மணியடித்ததும் கதவைச் சாத்துவோம், எவர் தாமதமாக வந்தாலும் வெளியே நிற்கட்டும். இது அவர் பெயரால் நான் கொடுக்கும் வாக்கு.

ஆனால் அருண் தம்பி நாளைக்கே சிங்கப்பூர் திரும்புகிறார். அடுத்த ஆண்டுவரை அவரைக் காக்க வைக்கலாமா?

மூன்று தடவையும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் நாசி கண்டார் சோற்றுக்கடை கமால். வைரவனின் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். மகளாக நடித்த யமுனா இங்கேயே இருக்கிறார். எனக்குப் பிறகு பேசவிருக்கும் பெரியவர்களே, உங்கள் நேரத்தை அந்தக் கடைசிக் காட்சிக்குக் கொடுங்கள். டத்தோ, தயவுசெய்து எழுந்திருங்கள், மேசையை நகர்த்த வேண்டும். மேடையில் இருக்கும் எல்லோரும் கீழே இறங்கி, அருண் தம்பி பக்கத்தில் உட்காருங்கள்.

கமால், ஏறுங்க. யமுனா, வாம்மா.