செவலை நக்காத கன்று

— கன்னை நக்க மாட்டேங்குதே வேலுத்தாயி! மோந்து பாக்குது, மூஞ்சியத் திருப்பிக்கிடுது.

— எப்படி நக்கும்? கன்னை எத வச்சுத் தொடைச்சீக?

— தோள்ல கெடந்த துண்ட வச்சு.

— பட்டாசுக் கம்பெனிக்குப் போட்டுட்டுப் போற துண்டா?

— நம்மகிட்ட பட்டுத் துண்டா இருக்கு? ஏழாயிரம்பண்ணை வேன்ல இருந்து இறங்கி வாரேன், கன்னு பாதி வெளிய தொங்குது. நீ புல்லுக்குப் போயிருக்க. இழுத்தேன், மூக்குல கெடந்த சளியத் தொடைச்சேன். அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானா! காலையில இருந்து சக்கரத்துக்கு மருந்து அடைச்ச கை. பொறந்து அரை மணி ஆகல, கன்னு மேல கந்தக வாடை அடிக்கி. செவலைக்கு இது தலைச்சன் ஈத்து. தான் போட்ட கன்னா, தீபாவளிச் சரக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

— கிடேரிக்கன்னு வேற.

— கிடேரின்னா வாடை அடிக்காதாக்கும்?

— எஸ்டிடி பூத்துக்கு ஓடி மாட்டு டாக்டருக்குப் போன் போடவா?

— சாத்தூர்ல இருந்து வந்து அவரு என்ன செய்வாரு? மாட்டு நாக்கப் புடிச்சு இழுப்பாரா?

— ஏ செவல, நான்தான்... இங்க பாரு...

— கிட்டப் போகாதீகன்னு சொல்லுதேன்ல! இந்தா, உதைச்சிருச்சு.

— முட்டியிலதான். செவலையும் ஆத்தா செத்துப் போன கன்னுதான் வேலு. பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். என் விரலச் சப்பிக்கிட்டேதான் தூங்கும்.

— அந்த விரலப் பாருங்க, நகக்கண்ணு பூரா வெள்ளி மருந்து.

— மூணு தடவ சோப்புப் போட்டேன். சோப்புதான் தீந்துச்சு.

— நீங்க கம்பெனிக்குப் போன நாள்ல இருந்தே தொழுவுப் பக்கம் வந்தா மெரளுது. நீங்கதான் கவனிக்கல.

— கவனிச்சேன். காட்டிக்கிடல. ஒரு ஞாயித்துக்கெழம, நீ இல்லாத நேரம், உன் சேலையச் சுத்திக்கிட்டுப் போய்ப் பாத்தேன்.

— சேலையவா! யாரும் பாத்தாகளா?

— சீனிச்சாமி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாரு. ‘என்ன வேலுத்தாயி, மீசை வச்சிருக்க’ன்னாரு.

— நாசமாப் போச்சு. செவலை என்ன செஞ்சது?

— ஆசையா ஓடி வந்துச்சு. கைய மோந்துச்சு. போயிருச்சு.

— ...சரி, எந்திரிங்க. வெந்நி வச்சு நான் கன்னைத் தொடைக்கேன். மேல தவிடும் உப்பும் தடவி விடுதேன். உப்பு ருசிக்காவது நக்கட்டும்.

— நான் புடிக்கவா?

— கும்பிடுதேன், அந்த வேப்பமரத்துக்கிட்ட போங்க. காத்து இங்கிட்டு அடிக்கி. இன்னும் தள்ளி.

— இதுக்கு மேல தள்ளுனா ஓடைக்குள்ளதான் நிக்கணும்.

— நில்லுங்க... ஏங்க, நக்குது! முதுகுல ஒரு நக்கு. இந்தா, தலையில. என் ராசாத்தி!

— நெசமாவா? இங்கன இருந்து வாலு மட்டுந்தான் தெரியுது.

— கன்னு எந்திரிக்கப் பாக்குது. காம்பத் தேடுது.

— போதும் வேலு. இனி நான் ரெண்டையும் தொட மாட்டேன். உன் கை வாடை அதுகளுக்குப் பிடிச்சிருக்கு, நீ பாத்துக்கிடுவ. நான் மரத்தடியில நின்னு பாத்துக்கிடுதேன்... ஏன் அழுத? நல்லதுதான நடந்திருக்கு?

— ஒரு மாசமா, ‘நீயும் கம்பெனிக்கு வா, சீசனுக்கு ஆளு பத்தல’ன்னு நச்சரிச்சீகள்ல... நேத்து போர்மேன்கிட்ட பேரு குடுத்துட்டேன். திங்கக்கெழமையில இருந்து மருந்து அடைக்கிற ரூமுதானாம், உங்களுக்குப் பக்கத்துலயே.