தொட்டுப் பார்த்துச் சொல்லணும்

— முதல்ல இருநூறு, அடுத்தது அம்பது, கடைசியா நூறு. எங்கே, திருப்பிச் சொல்லுங்கோ கௌசல்யா சேச்சி.

— இருநூறு, அம்பது, நூறு. இதை எதுக்கு பிரணவ் சாரே முன்கூட்டியே சொல்லுதீங்க? தொட்டுப் பாத்துச் சொல்லணும்னுல்லா கூப்பிட்டீங்க?

— கூப்பிட்டது அதுக்குத்தான். காலம்பற ரிகர்சல்ல என்ன ஆச்சு? தொடத் தொட இருநூறை நூறுன்னேள்.

— ரெண்டும் ஒரே நீளமாட்டுல்லா இருக்கு. கண்ணு இல்லாதவளுக்கு விரல்தானே. பழைய நோட்டுன்னா மடக்கிப் பாத்தே சொல்லிருவேன்.

— ஓரத்துல தடிப்பா கோடு போட்டிருக்காளே, அது?

— நீங்க தந்த புது நோட்டுலயே எனக்குக் கிடைக்கல்ல. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல நாலு கை மாறி, ஈரம் பட்டு வந்தா பின்னே பறயவே வேண்டாம்.

— ஏட்டி, சார் உன் நல்லதுக்குல்லா சொல்லுதாரு. நோட்டைக் கையில வாங்கு, முன்னும் பின்னும் தடவு, சொல்லு. தீந்துது வேலை.

— நீங்க சும்மா இருங்க. உங்களுக்குக் கண்ணு தெரியும்.

— தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ரோட்டோரக் கடையெல்லாம் எடுக்கணும்னு சொல்லி கார்ப்பரேஷன்காரங்க உன் வாழைப்பழ வண்டியைத் தூக்கிட்டுப் போகும்போ, பாத்துக்கிட்டுத்தான நின்னேன். சாரே, இந்தப் பைசா கிட்டுனா கடை போட ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்துருவோம். எம் பொண்டாட்டியை யாரும் இறங்குன்னு சொல்ல முடியாது.

— லிங்கம் அண்ணா சொல்றது நியாயம்தானே. ரெண்டு லட்சம் சேச்சி! கண்ணாடிப் பெட்டியில புது நோட்டா அடுக்கி வச்சிருக்கோம். நீங்க கையில எடுத்துக் காட்டினா நாடே பாக்கும். ஜனங்களுக்குப் புது நோட்டைப் பழக்கணும், அதுக்குன்னேதான் இந்த டிவி ஷோ.

— எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கீங்களா?

— அதில்லே. மத்தவாளுக்கு எந்த நோட்டு என்ன நிறம், பின்பக்கம் என்ன படம், இவ்வளவுதான் கேள்வி. நீங்க ஓணம் ஸ்பெஷல்.

— நான் மட்டும் என்ன ஸ்பெஷல்?

— அது எங்க ஆபீஸ் விஷயம். விடுங்கோ.

— சொல்லுங்க சாரே. அத்தனை பேரு முன்னால நான்தான போய் நிக்கப் போறேன்.

— புது நோட்டைப் பழக்கற விளம்பர வேலையை எடுத்திருக்கற கம்பெனிக்காரா கேட்டுண்டா. புது நோட்டு பிடிபடலேன்னு கண் தெரியாதவா புகார் குடுத்திருக்காளாம். மேடையில ஒருத்தர் டக்குனு சொல்லிட்டா, அந்த வீடியோவை எல்லா இடத்துலயும் போட்டுக் காட்டலாமாம். ‘இதோ, இவாளுக்கு முடியறதே’ன்னு.

— யாரு குடுத்த புகாரு?

— ஏதோ சங்கம். பேரெல்லாம் எனக்குத் தெரியாது.

— திரவியம் அண்ணாச்சி சங்கமாத்தான் இருக்கும்.

— ஏட்டி, அதை இப்பம் எதுக்கு எடுக்கே?

— எடுக்காம? சாரே, அண்ணாச்சி எனக்குப் பக்கத்துல நின்னு லாட்டரி வித்தவரு. அவருக்கும் கண்ணு கிடையாது. மீதி குடுக்கும்போ நூறுன்னு நெனச்சு இருநூறைக் குடுத்துட்டாரு. ஒரு தடவை இல்ல, பல தடவை. மகன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அப்பாவுக்கு மண்டை மழுங்கிருச்சு, இனி வீட்டுல கெடந்தாப் போதும்’னுட்டான். மனுசன் இப்பம் வெளிய இறங்குறதே இல்ல. அந்த வீட்டு டிவியில நான் நின்னு மூணு நோட்டையும் பளிச்சுனு சொன்னா?

— மகன் ஏதாவது சொல்லுவார்...

— மகன் சொல்லுகது கெடக்கட்டும். அண்ணாச்சியே நம்பிருவாரு சாரே. தப்பெல்லாம் தன் விரல்லதான்னு.

— அய்யோ, நான் அப்படி யோசிக்கவே இல்லே.

— அப்பம் வா, போவோம். வண்டியும் இல்ல, கடையும் இல்ல. யாரு வீட்டுத் திண்டாட்டத்தையோ நம்ம தலையில ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போவோம்.

— கோவப்படாதீங்க. வேண்டாம்னு நான் சொல்லல்லயே. சாரே, ஜெயிச்சா அதுக்கப்புறம் என்ன நடக்கும்?

— பொன்னாடை போடுவா. ஷோவை நடத்தற ரதீஷ், மைக்கை உங்க கையில தருவான். ஒரு நிமிஷம் நீங்க பேசலாம். தோத்தவாளுக்கு அது கிடையாது, கை தட்டி அனுப்பிச்சுடுவா.

— பேசினதைப் பொறவு வெட்டிர மாட்டீங்களா?

— லைவ் ஆச்சே. எங்கே வெட்டறது?

— அப்பம் நான் ஜெயிக்கேன்.

— அப்படிச் சொல்லு! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? மனுசனுக்கு உசிரே போச்சு.

— முழுசும் கேளுங்க. மூணையும் சரியாவே சொல்லுவேன். மைக்கு கைக்கு வந்ததும், ‘எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல, வரிசையைச் சொல்லித் தந்தாங்க, அதான் சொன்னேன்’னு சொல்லுவேன். அண்ணாச்சி பேரைச் சொல்லி, ‘உங்க விரலுக்கு ஒரு கேடும் இல்ல’ன்னும் சொல்லுவேன். சாரே, உங்களுக்குத் தெரியாம இதைச் செஞ்சா அது சதி. அதுனாலதான் இப்பமே சொல்லுதேன். வேண்டாம்னா அனுப்பிருங்க, சந்தோசமாப் போறேன்.

— சேச்சி, ஒரு ரூபா தர மாட்டா. என் வேலையும் போயிடும். வலியசாலையில எங்காத்துல எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்துண்டு இருக்கா. அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோளேன்!

— நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு லட்சத்தை விட மனசு வரல்ல. ஆனா பொய் சொல்லிட்டு வந்தா இவ ஒறங்க மாட்டா சாரே. அதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கப் போறது நான்லா. அவ இஷ்டம்.

— சாரே, நான் இருக்கவா, போகவா?

— ஸ்டேஜ்லேருந்து கூப்பிடறா.

— அதுக்கு?

— கையைக் குடுங்கோ, படி இருக்கு. மைக்கை வாய்க்குக் கிட்டக்கப் பிடிச்சுண்டு, நிறுத்தி நிதானமாப் பேசுங்கோ சேச்சி. ஒரு வார்த்தைகூட யாருக்கும் கேக்காமப் போயிடக் கூடாது.