எல்லாரும் கொள்ளாம்

கழக்கூட்டம் என்ற ஊருக்கு பஸ்ஸில் போவதென்றால் நான் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் உட்காருவேன். எனக்குத் தலைசுற்றல் உண்டு. வண்டி ஒரு வளைவு திரும்பினால் போதும், காலையில் தின்ற புட்டும் கடலையும் தொண்டைவரை வந்து என்ன சமாசாரம் என்று விசாரித்துவிட்டுப் போகும். காதுக்குள் ஏதோ கோளாறு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் தூக்கம் வருகிறது, அதனால் போடுவதில்லை.

பத்மப்ரியா மேடம், நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. வீடியோ கேமில் காட்சி சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிஷத்துக்கு மேல் என்னால் எந்த கேமும் விளையாட முடியாது. பன்னிரண்டு வருஷமாக நான் கேம் விமர்சகன். நானூற்றுப் பத்து விமர்சனங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு கேமைக்கூட விளையாடியதில்லை. அப்பாடா, சொல்லிவிட்டேன். எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? சிரிப்புகூட வருகிறது, மன்னிக்க வேண்டும். விமர்சகர்களின் மார்க்கையெல்லாம் திரட்டிச் சராசரி போடும் உங்கள் தளத்திலிருந்து விசாரணை என்றதும் பயந்துதான் போனேன். இந்த வீடியோ அழைப்பில் உங்கள் பெயரைப் பார்த்து, நீங்களும் தமிழ்தான் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. இங்கிலீஷில் ஒப்புக்கொள்வதில் ஒரு ருசியும் இல்லை.

இது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆரியசாலைக் கடைத்தெருவில் என் அப்பாவுக்குப் பெருங்காய மொத்த வியாபாரம். அப்பாவுக்கு மூக்கில் வாசனை தெரியாது. கடையில் கோலப்பன் என்று ஒருவர் இருந்தார். மூட்டை பிரித்ததும் கோலப்பன் முகர்வார். அப்பா கோலப்பனின் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று கணீரென்று சொல்வார். நாற்பது வருஷம் ஒரு வியாபாரியும் குறை சொன்னதில்லை. என் கோலப்பன் பெயர் லிஜோ.

லிஜோவுக்கு முப்பத்தெட்டு வயது, கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவன் விளையாடுவான், ஒரு வரி எழுத வராது. எனக்கு எழுத்து அருவியாகக் கொட்டும். அவன் ஒரு கேமை முடித்துவிட்டு என் அறைக்கு வருவான். அப்பா கடைக்கு மேல் மாடிதான் என் ஆபீஸ். பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தால் கதையைச் சொல்வான். கடைசியில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல். ‘கிடிலம்’ என்றால் நான் ஒன்பது போடுவேன். ‘கொள்ளாம்’ என்றால் எட்டு. ‘குழப்பமில்ல’ என்றால் ஏழு. ‘போரா’ என்றால் ஐந்து. ஆறு மட்டும் என் சொந்த மார்க். கம்பெனிக்காரர்கள் மரியாதையில்லாமல் மெயில் அனுப்பினால் போடுவேன். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஏழு வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். எங்கள் தொழிலில் ஏழு வாங்கியவர்களுக்குத் துக்கம் விசாரித்துப் போன் வரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

ஆதிராவின் கேமுக்கு வருகிறேன். கழக்கூட்டத்தில் ஆறு பேர் ஒரு வாடகை ஃப்ளாட்டில் உட்கார்ந்து நாலு வருஷமாகச் செய்த கேம், ‘மூணாம் லயத்துத் தபால்’. ஆதிரா அவர்களுக்குத் தலைவி. போனக்காடு என்ற மலைத்தோட்டத்துப் பெண், தேயிலை பறித்த குடும்பம். கேமிலும் அதே மாதிரி ஒரு தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு நீங்கள் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். வெளியிட்ட கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வெளியாகிப் பதினைந்தாம் நாள் காலையில் உங்கள் தளத்தில் சராசரி நூற்றுக்கு எழுபத்தைந்து இருந்தால் இரண்டாம் பாகம். ஒன்று குறைந்தாலும் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சராசரி போட உங்கள் தளத்துக்கு ஐந்து விமர்சனங்கள் வேண்டும். நாலு வருகிறது என்று தெரியும், நல்ல மார்க். ஐந்தாவது நான்.

கேம் வெளியாகும் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லா விமர்சனங்களும் வெளிவரலாம் என்பது ஏற்பாடு. ஆறு மணிக்கு வருவதை ஊர் படிக்கும். ஏழு மணிக்கு வருவதை எழுதியவன் மட்டும் படிப்பான். லிஜோவோ மச்சினன் கல்யாணத்துக்கு இடுக்கிப் பக்கம் போயிருந்தான். போன் கிடைக்கவில்லை. நாலே காலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பிரியாணித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தது என்று பிறகு சொன்னான். எல்லோரையும் போல அவனும் மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பான். வந்தது இது:

“ellarm kollam. theerumbo karachil varum.”

தனியாக ‘கொள்ளாம்’ என்று வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எட்டு போட்டிருப்பேன். முன்னால் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது, அதிலும் ஒரு எழுத்தைக் காணோம். இங்கிலீஷ் எழுத்துக்கு நம் ளகரமும் லகரமும் ஒன்றுதான். ‘எல்லாரும் கொள்ளாம்’, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ‘எல்லாரேம் கொல்லாம்’, எல்லாரையும் கொல்லலாம். முடியும்போது அழுகை வரும் என்ற இரண்டாவது வரி இரண்டுக்கும் பொருந்தும். கம்பெனி அனுப்பிய ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்தேன். மூடுபனி, ஓடிவரும் நாய், கட்டன் சாயா நீட்டும் ஒரு அம்மாள், அவர் பின்னால் சுவரில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி. கத்தியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது.

எழுதினேன் பாருங்கள், அப்படி ஒரு எழுத்து எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ‘தேநீர் நீட்டிய பெண்ணை நான் குத்தியபோது என் கை நடுங்கியது. அவள் கதறல் இன்னும் காதில் இருக்கிறது. வாலாட்டி வந்த நாயையும் விடவில்லை. இந்த விளையாட்டு நம்மைத் தடுப்பதே இல்லை. மனிதரைக் கொல்ல விடும் எந்த அழகுக்கும் நாலுக்கு மேல் கொடுக்க என் மனசாட்சி ஒப்பவில்லை.’ எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆறு மணி அடித்ததும் போட்டேன். மற்ற நாலு பேரின் சராசரி எண்பத்து மூன்று. என்னுடைய நாலு போய்ச் சேர்ந்ததும் எழுபத்து நாலு.

மேடம், அந்த விமர்சனம் போல எதுவும் ஓடியதில்லை. ‘இவனல்லவா மனிதன்’ என்று எழுதினார்கள். கொலை செய்யலாம் என்று நம்பிக் கேமை வாங்கியவர்கள் மட்டும் ஏமாந்துபோனார்கள். ‘மூன்று மணி நேரம் முயன்றேன், ஒருத்தரும் சாகவில்லை’ என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். ‘இன்னும் ஆழமாக விளையாடிப் பாருங்கள்’ என்று பதில் எழுதினேன்.

மறுநாள் காலையில் லிஜோ கூப்பிட்டான். “அண்ணா, அண்ணன் எந்தா எழுதியே? ஞான் பறஞ்ஞது கொள்ளாம். எல்லாரும் கொள்ளாம். எல்லாரும் நல்ல பாவம் ஆள்கார் அண்ணா!” கேமில் உள்ள அத்தனை பேரும் அப்பாவிகளாம். நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு, “திருத்து அண்ணா” என்றான். எதைத் திருத்துவது? கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறேன். கதறல் காதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தினால் மற்ற நானூற்று ஒன்பதையும் யாராவது எடுத்துப் படிக்க மாட்டார்களா?

வெள்ளிக்கிழமை ஆதிராவே மாடியேறி வந்தாள். இருபத்தொன்பது வயது, ஒல்லி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சாரே, நீங்க எந்த கேமைக் களிச்சீங்க? எங்க கேம்ல ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது.”

பழம்பொரித் தட்டை நகர்த்தி வைத்தேன்.

“சாயா கொடுக்குறது எங்க அம்மா சாரே. சொர்ணம்மாள்னு பேருகூட மாத்தல. அவங்க கொரலைத்தான் வச்சிருக்கேன். கேம்ல உள்ள எல்லாரும் எங்க லயத்து ஆளுங்க. அவங்களைப் போய் எப்படிக் குத்துனீங்க?”

புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். கொடுக்கலாம், உனக்கு உரிமை உண்டு, ஆனால் அவர்கள் விசாரித்து முடிக்க மூன்று மாசம் ஆகும், உன் கெடு பதினைந்து நாள் என்று பதமாக எடுத்துச் சொன்னேன். இன்றைக்குச் சரியாக மூன்று மாசம், பாருங்கள். அவள் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது, நிஜமாகவே.

“ஒரு வழி உண்டு மோளே” என்றேன். “கேம் மாறினா மார்க் மாறும். அது நான் எழுதுற தளத்தோட விதி.”

“என்னத்தை மாத்தணும்?”

“நான் எழுதினது மாதிரி ஆக்கிடு.”

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஆக்கினா எத்தனை போடுவீங்க?” என்றாள்.

“எட்டு” என்றேன். அவளுக்கு ஐந்தே போதும். நான் தாராளமாகத்தான் சொன்னேன்.

அடுத்த நாட்களைப் போல ஒரு சந்தோஷமான காலம் எனக்கு வந்ததில்லை. வேலை என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. என் விமர்சனத்துக்கு ஏற்ப கேமில் திருத்தம் தேவைப்பட்ட இடங்கள் ஒன்பது. பட்டியல் போட்டு அனுப்பினேன். கத்தி சுவரிலிருந்து கையில் வர வேண்டும். நாய் ஓடக் கூடாது, வாலாட்டிக்கொண்டே வர வேண்டும். வாலாட்டி வந்த நாய் என்றல்லவா எழுதியிருந்தேன். தினம் ஒரு சின்ன வீடியோ அனுப்புவாள். நான் ‘குழப்பமில்ல’ என்பேன், ‘போரா’ என்பேன். லிஜோவின் சொற்களை நானே சொல்வதில் ஒரு குஷி. கதறல் மட்டும் சரியாக வரவில்லை. வேறு யாரோ பெண்ணின் குரலை வைத்திருந்தாள். சாயா குடி என்று ஒரு குரல், சாகும்போது இன்னொரு குரலா? அம்மாவிடமே வாங்கு என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. சொர்ணம்மாளுக்கு எதற்கென்று தெரியாது. மகள் கேட்டாள் என்று போனில் கதறிக் காட்டியிருக்கிறார். கடைசியில், “போதுமா மோளே, இன்னும் சத்தமா வேணுமா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை வெட்டிவிடச் சொன்னேன்.

பதினோராம் நாள் புதிய கேம் வந்தது. லிஜோவை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். சாயா வாங்குகிற இடம்வரை போனான். கத்தி கைக்கு வந்தது. ஒரு தடவை அழுத்தினான். கதறல் கேட்டதும் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான். “ஞான் நிறுத்தி அண்ணா” என்றான். அவ்வளவுதான். கிடிலமும் இல்லை, போராவும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் எனக்கு ஒரு சொல்லும் கொடுக்காமல் படியிறங்கிப் போனான். அந்தக் கல்யாண வீட்டு மெசேஜை உங்களுக்கு அனுப்பியதும் அவன்தானே? இருக்கட்டும், நல்ல பையன்.

மார்க் போட அவன் சொல் இல்லை. கேமை நான் விளையாட முடியாது, தலை சுற்றும். கையில் இருந்தது என் விமர்சனம் ஒன்றுதான். அதை எடுத்து நிதானமாகப் படித்தேன். ‘மனிதரைக் கொல்ல விடும் எந்த அழகுக்கும் நாலுக்கு மேல் கொடுக்க என் மனசாட்சி ஒப்பவில்லை.’ இப்போது இந்த கேம் கொல்ல விடுகிறது, அதுவும் பிரமாதமாக. இதற்கு எட்டு போட்டால் படிக்கிறவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? நாலு நாலாகவே இருந்தது.

ஆதிரா முப்பது தடவைக்கு மேல் போன் செய்தாள். பதினைந்தாம் நாள் ஃப்ளாட்டைப் பூட்டினார்கள். அவள் கத்தியைக் கேமிலிருந்து எடுத்துவிட நினைத்திருக்கிறாள், ஆனால் உரிமை கம்பெனியிடம் இருந்தது; கத்திக்குப் பிறகு விற்பனை ஏறியதால் அவர்கள் விடவில்லை. யாரோ லயம் முழுக்கக் கொன்று தீர்த்து வீடியோ போட்டார்கள். அது போனக்காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தன் குரலை சொர்ணம்மாள் கேட்டாராம். மகளோடு பேச்சில்லை என்று கேள்வி. எனக்கு வருத்தம்தான், அவ்வளவு நன்றாகக் கதறியவர்.

ஆகவே மேடம், என் பெயர் அழகியநம்பி, விளையாடாமல் எழுதினேன், வாக்குக் கொடுத்து மீறினேன், அந்தக் கத்தியை அவள் கையில் கொடுத்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய்யான விமர்சனம் என்று மட்டும் எழுதாதீர்கள். இப்போதே அந்த கேமைத் திறந்து பாருங்கள், நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அதில் இருக்கிறது. பதினோரு நாள் முந்திவிட்டது, அவ்வளவுதான்.