இரண்டு ஞாயிறும் அவர் நித்திரை

கொத்தமல்லித் தண்ணீரைச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். ஆறினால் நாய்கூடத் தொடாது. மொழிபெயர்க்க வந்த தங்கச்சி, நீர் இதையும் விடாமல் அந்தப் பொலிஸ் ஐயாவுக்குச் சொல்லும்.

நான் செல்வராணி. சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒஸ்வால்டோவை ஆறு வருடமாகக் குளிப்பாட்டியது இந்தக் கைதான். சிலி நாட்டுக்காரர், இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஓடிவந்தவர். வெளிநாட்டில் இருப்பவர்களும் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2017 இல்தான் அவர்களுக்கு முதன்முதலாக வாய்த்தது. மனிசனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டையை எத்தனை தரம் அழுத்தச் சொன்னார். வாக்குச்சாவடிக்கு என்னைத்தான் கூட்டிப்போகக் கேட்டார்.

தேர்தல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 2005 இல் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் வாக்குப் போடக்கூடாது என்று இயக்கக்காரர் சொல்லியிருந்தார்கள், மீறிப் போனால் உயிர் மிஞ்சாது. என் புருசன் தயாநிதி போவேன் என்று நின்றார். அறைக்குள் விட்டு ஆமைப்பூட்டால் பூட்டினேன். உயிரோடு இருந்தார். அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை, அது வேறு விசயம்.

ஆகவே நவம்பர் ஞாயிறு காலையில், ஒஸ்வால்டோவின் நித்திரைக் குளிசைகளைக் கொத்தமல்லித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அவர் எழும்பும்போது இருட்டிவிட்டது. என்னை ஏசவில்லை. வயது போய்விட்டது, தன்னில்தான் பிழை என்று அழுதார். நான் மறுக்கவில்லை.

யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால் டிசம்பரில் இரண்டாம் சுற்று வந்தது.

"ராணி, இந்தமுறை என்னை நித்திரையாப் போக விட்டிடாதை. உன்னைத்தான் நம்பியிருக்கிறன்."

ஓம் என்றேன். கூடுதலாகக் கரைத்தேன். அவர் எழும்பவில்லை. வயது என்று டொக்டர் எழுதினார். ஒரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

பேர்ணில் வாக்குப் போடப் போகிறவரை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஐயா கேட்கிறார். ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா என்ன? அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்தார். சாகப்போகிற வயதில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் இங்கே, மாட்டுக் கொம்பை வெட்டாமல் விடுகிறவர்களுக்குக் காசு கொடுப்பதா என்றுகூட வாக்கெடுப்பு வைத்தார்கள். என்னை எந்த நாட்டில் யார் கேட்டார்கள்?

இருந்தாலும், தங்கச்சி, காப்பாற்றினேன் என்றே சொல்லும். கொன்றேன் என்று மாற்றிச் சொல்லாதையும்.