நான் போட்ட 'சரி'

எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். இப்போது என்னைப் பார்க்கிறீர்களே ஒரு சந்தேகப் பார்வை, அது எனக்குப் பழக்கம்தான். நானும் உலகத்தை அப்படித்தான் பார்ப்பேன், ஐயா.

அதனால்தான் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், என்னைச் சோதனைக் குழுவில் சேர்த்தார். தங்கைக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய். அவள் இடுப்பில் மாட்டியிருக்கும் இன்சுலின் பம்பை போன் வழியாக இயக்க அவர் ஒரு மென்பொருள் எழுதினார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிடும் முன்பு எங்களைப் போன்ற தன்னார்வலர்களிடம் கொடுப்பார். நோண்டிப் பார்த்து, பிழை இருந்தால் எழுதுவோம்; இல்லையென்றால் 'சரி' என்று போடுவோம். நான் ஒரு பழைய பம்பில் தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டு மேசையில் கண்ணாடி டம்ளருக்குள் சொட்டவிட்டுப் பார்ப்பேன்.

என் 'சரி' விழுந்துவிட்டால் மற்றவர்கள் பம்பைத் தொடக்கூட மாட்டார்கள். முன் ஏர் போன வழியே பின் ஏர். இது எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, பெருமையாக இருந்தது.

போன பதிப்பில் ஒரு பிழையைக் கண்டு எழுதினேன். மாப்பிள்ளை எல்லோரும் பார்க்க, "மச்சான், அது பிழை இல்ல. உங்களுக்கு பட்டன் அமுக்கத் தெரியல" என்று பதில் போட்டார். குழுவே சிரித்தது. அவர்கள் வீட்டுக்குப் போனால் தங்கையும் சிரிக்கிறாள்.

"விடுண்ணா, அவருக்குத் தெரியாததா?"

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த பதிப்பு வந்தது. போனின் தொடர்பு அறுந்து மீண்டும் இணைந்ததும், ஏற்றிய மருந்தையே பம்பு திரும்ப ஏற்றியது. டம்ளரில் கண்ணால் கண்டேன். மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் அதே. அளவு மீறினால் மயக்கம், உயிருக்கே ஆபத்து என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

'சரி' என்று போட்டேன்.

கொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. புதுப் பதிப்பை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தங்கை தன் போனில் ஏற்றுவாள். பக்கத்திலேயே இருந்து, தொடர்பை நானே ஒருமுறை அறுத்துவிடுவேன். அவளுக்கு வியர்க்கும், கை நடுங்கும். குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வேன். என்ன வார்த்தை என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவள் சனிக்கிழமை மதியமே ஏற்றிவிட்டாள். "மச்சான் வரட்டுமே" என்றாராம் மாப்பிள்ளை.

"அண்ணனே சரின்னு போட்டுட்டான், இன்னும் என்ன?"

சாப்பிட்டு, மருந்து ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று படுத்தாள். போனுக்கும் பம்புக்கும் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே இதைச் சொன்னார். முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

மென்பொருள் எழுதியவர் என்பதால் அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அனுப்பிவிடுங்கள். அவரிடம் கொஞ்சம் அலட்சியம் உண்டு, அவ்வளவுதான். தெரிந்தே விட்டது நான். அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள் அவள் பொறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுமை கிடையாது, ஐயா.