பிசிறில்லாத துளைகள்

மரத்தில் செய்த பொம்மைப் பந்தயக் காரின் வேகம் அதன் உடம்பில் இல்லை, சக்கரத்தின் நடுத்துளையில் இருக்கிறது. பிள்ளைக்குக் கார் செய்து கொடுக்கும் அப்பாக்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பெயின்டையே கட்டிக்கொண்டு அழுவார்கள்.

துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். அவசரக்காரர்கள் டிரில்லை ஓட்டுவார்கள். பிளாஸ்டிக் சக்கரம் சூடாகி இளகும், துளை கோணிக்கொள்ளும். நான் பஞ்சு நூலில் பற்பசை தடவி, துளைக்குள் கோத்து, மெதுவாக இழுப்பேன். பிறகு கழுவித் துடைத்து, கொஞ்சம் பென்சில் கரித்தூள். என் கையில் ஒரு சக்கரமும் கெட்டதில்லை.

பள்ளிப் பந்தயத்துக்கு வருஷாவருஷம் மகளும் நானும் கார் செய்வோம். அவள் அம்மா எங்களை விட்டுப் போனபிறகு, அவள் என்னோடு உட்கார்ந்து பேசுவது அந்த வேலையின்போதுதான். மற்ற நேரம் வீடு அமைதியாக இருக்கும். குழாய் சொட்டும் சத்தத்துக்கே குலை நடுங்குகிறவன் நான்.

இந்த வருஷம் அண்ணன் வந்து சேர்ந்தார். வாதத்தில் கால் இரண்டும் விழுந்துவிட்டன. நான்தான் பலகையில் நாற்காலி செய்து, நான்கு நைலான் சக்கரம் மாட்டினேன். பிரேக் வைக்கவில்லை. சக்கரம் அவ்வளவு இறுக்கம். நிறுத்திய இடத்தில் நிற்கும்.

அண்ணன் மதியம் தூங்கி எழுந்ததும் வாசல் சரிவின் விளிம்பில் அவரை உட்காரவைப்பேன். கீழே தெரு, தெருவைத் தாண்டினால் கால்வாய். பள்ளி வேன் வந்ததும் மகள் ஓடுவது அவரிடம். அவர்கள் சிரிப்பு பின்பக்கம் என் பட்டறைவரை கேட்கும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

"அப்பா, இந்தத் தடவ காரப் பெரியப்பாகூடச் செய்யறேன்," என்றாள் ஒருநாள்.

"நீ சக்கரத்த மட்டும் தேச்சுக் குடுடா, போதும். மூளை வேலைய நாங்க பாத்துக்கறோம்," என்றார் அண்ணன்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நூலைக் கோக்காமலே எடுத்து வைத்துவிட்டேன். இவளும் போய்விட்டால் என்ன செய்வேன்?

"பெரியப்பா வண்டியத் தள்ளவே முடியலப்பா," என்றாள் மகள் இன்னொருநாள். "என் கார் சக்கரம் மாதிரி வழவழன்னு பண்ணிக் குடுங்களேன்."

அவளேதான் கேட்டாள். பிள்ளை கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

அண்ணன் தூங்கும்போது நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். நூல், பற்பசை, கரித்தூள். அவர் எழுந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்புப் பட்டையை இறுக்கினேன். விளிம்புக்குக் கொண்டுபோனேன்.

"என்னடா, வெண்ணெய் மாதிரிப் போகுது?"

"உங்க செல்லம் கேட்டா," என்றேன். கையை எடுத்தேன். தள்ளவில்லை. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கால்வாயிலிருந்து நாற்காலியைத் தூக்கியபோது போலீஸ்காரர் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. "நல்லாத்தான் பராமரிச்சிருக்கீங்க," என்றார்.

அண்ணன் காரியம் முடிந்தபின் மகள் சில நாள் வாசல் சரிவிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பட்டறைக்கு வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வழவழன்னு பண்ணச் சொன்னதாலதானப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் பயத்தில் என்மேல் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று எவ்வளவு காலமாயிற்று.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா," என்றேன். "அப்பா இருக்கேன்ல."

இப்போது வேனிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம்தான் வருகிறாள். சிரிப்பதில்லை. நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். யாராவது கதவைத் தட்டினால் இருவரும் நடுங்குகிறோம். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நல்ல பிள்ளை. ஒரு கீறல்கூட விழாமல் அவளை எனக்கே வைத்துக்கொண்டேன்.